செயற்கைக் கோளுக்கு வழி எது?

பூமியைப் படம் பிடிக்க ஆகாயத்தில் செயற்கைக் கோள்களை விடுவது இன்று யாவரும் அறிந்த விஷயம். ஆனால் அக்கோள் எந்த வழியாய்ச் சுற்ற வேண்டும், எந்நேரத்தில் ஓர் ஊருக்கு மேல் வர வேண்டும் என்பதை எதைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் நம்மில் மிகச் சிலரே. அது நிபுணர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். அப்படி இருப்பது சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஏனெனில், வெள்ளத்தில் மூழ்கிய வயலின் படம் நாளைக்கே கிடைப்பதும், பத்து நாள் கழித்துக் கிடைப்பதும் அந்த வழியைப் பொறுத்ததாகும்.

1972-ல் அமெரிக்கர் விட்ட முதல் லாண்ட்சாட் தொடங்கி, இவ்வகைக் கோள்களில் மிகப் பல துருவங்களை ஒட்டியே சுற்றுகின்றன. பூமியின் நடுப்பாகம் சற்றுப் புடைத்திருப்பதால், சரியான சாய்வில் விட்ட கோளின் வழி நாளொன்றுக்குச் சுமார் ஒரு டிகிரி திரும்பிச் சூரியனோடு ஒத்துப் போகிறது. ஆதலால் கோள் ஓரிடத்துக்கு எப்போதும் அநேகமாய் ஒரே நேரத்தில், அதாவது காலை 10 மணி சுமாருக்கு, வருகிறது. இந்த வருஷப் படத்தைப் போன வருஷப் படத்தோடு ஒப்பிடலாம். தரைக்கு மேல் பிற்பகலில் மேகம் அதிகம் கூடுவதால் காலை நேரமும் நல்லதே. இவ்வளவும் நியாயந்தான்.

ஆனால் ஒரு காரியத்துக்கு நியாயமானது எல்லாக் காரியத்துக்கும் நியாயமாகிவிடுமா? லாண்ட்சாட் 8, 9 ஆகிய இரண்டும் சேர்ந்தும் 8 நாளைக்கு ஒரு முறைதான் ஓரிடத்தைப் படம் பிடிக்கின்றன. அன்று மேகம் மூடியிருந்தால் இன்னும் 8 நாள் போக வேண்டும். வெள்ளம் காத்திருக்குமா?

இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011-ல் விட்ட மேகா-ட்ராபிக்ஸ் என்ற கோளைப் பாருங்கள். வெப்ப மண்டலத்து மழை மேகங்கள் சில மணி நேரத்தில் தோன்றி மறைபவை. அவற்றைக் கவனிப்பதே அதன் வேலை. ஆகவே துருவ வழியை விட்டு, பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி மட்டும் சாய்ந்த வழியில், 867 கிலோமீட்டர் உயரத்தில் சுற்ற விட்டார்கள். 2023-ல் அதைக் கீழிறக்கிப் பசிபிக் கடலுக்கு மேல் அழிக்கும் வரை, தினம் பலமுறை அப்பிரதேசத்தின் மேல் சுற்றி வந்தது. துருவத்தை அது பார்க்கவேயில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அதற்கில்லை.

இப்போது இதனினும் நல்ல முறை வந்திருக்கிறது. பல வருஷத்து மேகக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, கோள் பற்பல வழிகளில் சுற்றுவதாக வைத்து, எவ்வழியில் தெளிந்த படம் அதிகம் கிடைக்கும், இரண்டு நல்ல படங்களுக்கிடையே எத்தனை நாள் வீணாகும் என்று எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழக்கத்தை விட்டுக் கணக்கைக் கேட்பதால் இதை நாம் மனப்பூர்வமாய் வரவேற்கிறோம்.

என்றாலும், கம்ப்யூட்டர் சொல்லிற்று என்பதே புது வேதவாக்காகி விடக்கூடாது. எதை எண்ணச் சொல்லுகிறோமோ அதைத்தான் அது எண்ணும். வருஷ சராசரியை எண்ணச் சொன்னால், கோடையில் கிடைக்கும் ஏராளமான தெளிந்த படங்கள், மழைக்காலத்தில் ஒன்றுமே கிடைக்காத குறையை மூடி மறைத்துவிடும். பயிரை இழப்பவனோ மழைக்காலத்தில்தான் இழக்கிறான். அக்காலத்தைத் தனியாய் எண்ணினால், எவ்வழியில் விட்டாலும் சாதாரணக் காமிரா உதவாது, மேகத்தை ஊடுருவும் ராடார்தான் வேண்டும் என்று தெரிய வந்தாலும் வரலாம். அவ்வுண்மை கோளை விடுவதற்கு முன்பே தெரிவது எவ்வளவு லாபம்!

ஆகவே, ஜனங்கள் பணத்தில் கோள் விடும் எந்த சர்க்காரையும் நாம் கேட்பது இதுதான்: இவ்வழி யாருடைய தேவைக்கு? எதை எண்ணி, எதை எண்ணாமல் விட்டீர்கள்? பதிலைப் பகிரங்கமாய்ச் சொல்லட்டும்.