ஹப்பிள் ரிட்டையர் ஆனால் 121.6-ஐ யார் பார்ப்பது?

121.6 நானோமீட்டர். வானியலில் ரொம்ப முக்கியமான நம்பர் இது. ஹைட்ரஜன் அணுவில் எலெக்ட்ரான் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு இறங்கும்போது, இந்த அலைநீளத்தில் புற ஊதா ஒளி வெளியாகும். பெயர் லைமன் ஆல்பா. பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பதே ஹைட்ரஜன்தான் என்பதால், எங்கே திரும்பினாலும் இந்தக் கோடு பேசும்.

சிக்கல் என்னன்னா, இந்த ஒளியைக் காற்று மண்டலம் தரைக்கு விடாது. நம்ம தோலுக்கு நல்லது, வானியலாளர்களுக்குத் தலைவலி. விண்வெளிக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

"அதான் ஜேம்ஸ் வெப் இருக்கே?" என்று கேட்கலாம். 2025-ல் அது ஒரு ஆச்சரியத்தைக் காட்டியது உண்மை. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்13-1 என்ற கேலக்ஸி. பிரபஞ்சத்துக்கு வெறும் 33 கோடி வயது இருக்கும்போது கிளம்பிய லைமன் ஆல்பா, விண்வெளி விரிந்ததில் 14 மடங்கு நீண்டு அகச்சிவப்பாக வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் எங்கும் ஹைட்ரஜன் மூட்டம். இந்த ஒளியை அது விழுங்கியிருக்க வேண்டும். எப்படித் தப்பியது என்பதுதான் இப்போதைய விவாதம்.

ஆனால் வெப் பார்ப்பது இப்படி நீண்டுபோன ஒளியை மட்டுமே. பக்கத்து வீட்டு விஷயம் அதற்குத் தெரியாது. செவ்வாயில் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் தப்பி ஓடுவது லைமன் ஆல்பாவில்தான் தெரியும். 2013-ல் கிளம்பிய மங்கள்யானில் இதற்கென்றே ஒரு கருவி இருந்தது.

இந்த வேலைக்கு இன்றும் பெரிய நம்பிக்கை, 1990-ல் ஏவப்பட்ட ஹப்பிள். கடைசி ரிப்பேர் 2009-ல் நடந்தது. 2024 ஜூனிலிருந்து ஒரே ஒரு கைரோவை நம்பி ஓடுகிறது.

இந்தியாவுக்கு இதில் அனுபவம் உண்டு. 2015-ல் போன ஆஸ்ட்ரோசாட், 930 கோடி ஒளியாண்டு தூரக் கேலக்ஸி ஒன்றிலிருந்து ஹைட்ரஜனையே உடைக்கும் வீரியமுள்ள புற ஊதா ஒளியைப் பிடித்தது. 2020-ல் அது செய்தியானது. 5 ஆண்டுக்கென்று செய்த செயற்கைக்கோள் அது. அடுத்ததாக இன்சிஸ்ட் என்ற 1 மீட்டர் புற ஊதா தொலைநோக்கியை விஞ்ஞானிகள் முன்மொழிந்திருக்கிறார்கள். தொலைநோக்கி செய்யப் பல வருடம் ஆகும். ஹப்பிள் கண் மூடிய பிறகு ஃபைலைத் திறந்தால் லேட்.