அறிக்கை எழுதுவது குமாஸ்தா வேலையல்ல

‘பொறியாளருக்குக் கணக்கு வந்தால் போதும், அறிக்கை எழுதப் பயிற்சி எதற்கு?’ என்ற வாதத்தை ஏற்க முடியாது.

2003 ஜனவரியில் நாசாவின் கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82ஆவது விநாடியில், பெயர்ந்து வந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். முந்தைய சோதனைகளில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம். இதற்கு அவர்கள் குறித்ததோ 1,920 கன அங்குலம். 640 மடங்கு! பழைய சோதனை இங்கே செல்லாது என்று உரக்கச் சொல்ல அந்த ஓர் எண்ணே போதும். ஆனால் அது மேலாளர்களுக்குக் காட்டிய ஸ்லைடின் கடைசி வரியில் கிடந்தது. தலைப்போ ஆறுதல் சொன்னது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதறி ஏழு பேரும் மாண்டார்கள். விசாரணைக் குழு அந்த ஸ்லைடையே எடுத்துவைத்துக் கண்டித்தது.

எழுத்து மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு தெரியாததால் வந்த வினையல்ல இது. எது உறுதி, எது ஊகம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று பிரித்து யோசிப்பதுதான் சிக்கலைத் தீர்க்கும் முறை. அதை முடிவெடுப்பவருக்குப் புரியவைப்பதுதான் அறிக்கை. ‘வேலையில் சேர்ந்தால் தானாக வந்துவிடும்’ என்கிறீர்கள். நாசாவிலேயே வரவில்லை. முதலாண்டிலேயே பாடமாக வையுங்கள், மதிப்பெண்ணோடு.