இஞ்சுரி ஏதும் இருக்கா?

இரண்டாம் வருசத்தில் எங்கட ஆங்கில வகுப்பில் ஒரு தாள் தந்தார்கள். ஹேர்ட், ஹார்ம், இஞ்சுவர், வூண்ட், டேமேஜ். எல்லாமே ஒத்தசொற்கள், பொருத்தமானதை இடைவெளியில் போடுங்கோ என்று. பஸ் பிரண்டால் ஆட்கள் இஞ்சுவர்ட். சூடு பட்டால் வூண்டட். புயலில் கூரை போனால் டேமேஜ். சிகரெட் உடம்புக்கு ஹார்ம். சிநேகிதி பிறந்தநாளை மறந்தால் ஹேர்ட். பத்துக்கு ஒன்பது எடுத்தோம். கன்டீனில் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டதும் உண்மை.

அதே மாதம் முதலாம் வருசத் தங்கச்சி ஒருத்திக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பின்னேரம் தொடங்கி இரவு வரைக்கும் முழங்காலில் இருத்தி, தாய் தகப்பனை இழுத்துப் பேசியிருக்கினம். உடம்பில் காயம் ஒண்டுமில்லை. ஆனால் பிள்ளை நித்திரை கொள்ளுறதில்லை, ஒழுங்காய்ச் சாப்பிடுறதில்லை, வெளியில் காலடிச் சத்தம் கேட்டால் அறைக்கதவைப் பூட்டுது. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மேல போகும் எண்டு ஆரோ சொல்ல, நாங்களும் நம்பினோம். படிச்ச தாளை நினைச்சு, காயம் இல்லைத்தானே எண்டு இஞ்சுவரை வெட்டிப்போட்டு ‘ஷீ வோஸ் ஹேர்ட்’ என்று எழுதினோம்.

விசாரிக்க இருந்தவர் வாசித்துவிட்டுக் கேட்டார்: “ஹேர்ட் எண்டால் மனம் நொந்து போச்சு, அவ்வளவுதானே? இஞ்சுரி ஏதும் இருக்கா?”

“இல்லை சேர்” எண்டோம். பகிடியாய்ச் சொன்னதைப் பெரிசா எடுக்கக் கூடாது எண்டு புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகுதான் சட்டத்தை எடுத்துப் பார்த்தோம். பகிடிவதைக்கு எதிரான 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம், உடல் ரீதியான அல்லது உளவியல் ரீதியான ‘இஞ்சுரி’யை, அல்லது மனவேதனையை, அல்லது பயத்தை உண்டாக்குகிற, உண்டாக்கக்கூடிய எந்தச் செயலையும் பகிடிவதை என்கிறது. அப்படியென்றால் அந்த மேசைக்கு முன்னால் நாங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் “ஓம் சேர், இருக்கு” என்பதுதான்.

1883இல் வந்த எங்கட தண்டனைச் சட்டக்கோவையைப் பார்த்தால் விசயம் இன்னும் தலைகீழ். அதில் ‘ஹேர்ட்’ எண்டால் உடம்பு நோவு, நோய், இயலாமை. ‘இஞ்சுரி’ எண்டால் உடல், மனம், நற்பெயர், சொத்து எதற்கும் சட்டவிரோதமாய்ச் செய்யப்படும் எந்தத் தீங்கும். தாளில் மனசுக்கு ஒதுக்கின சொல் அங்கே உடம்புக்குப் போயிட்டுது. உடம்புக்கு ஒதுக்கின சொல் மனசையும் சேர்த்துப் பிடிக்குது. இஞ்சுரியின் லத்தீன் வேரும் அநீதி என்றுதான் பொருள்படும். காயம் என்ற பொருள் பிறகு வந்து ஒட்டினது.

இது சொல்லாராய்ச்சி விளையாட்டு இல்லை. பகிடிவதைக்கு இரண்டு வருசம் வரை கடூழியச் சிறை. அதன்போது பாலியல் துன்புறுத்தலோ ‘கிறீவஸ் ஹேர்ட்’டோ நடந்தால் பத்து வருசம் வரை. கிறீவஸ் ஹேர்ட் எது எண்டு சட்டக்கோவையில் ஒரு பட்டியல் இருக்கு: கண், காது, மூட்டு, எலும்பு, பல். பல்லுக்கு அதில் இடமிருக்கு. மாதக்கணக்காய்ப் போன நித்திரைக்கு இல்லை.

எங்கட வசனத்திலும் பிழை இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேணும். ஹேர்ட் ஒரு வழுக்குகிற சொல். இறந்தகாலத்திலும் அதே உருவம். ‘மை லெக் ஹேர்ட்ஸ்’ என்றால் கால் நோகுது; அங்கே செய்தவன் என்று ஒருவன் இல்லை. ‘ஷீ வோஸ் ஹேர்ட்’டை ஒருவர் அவளுக்குத் தீங்கு செய்யப்பட்டது என்றும் வாசிக்கலாம், மனம் நொந்திருந்தாள் என்றும் வாசிக்கலாம். விசாரிச்சவர் தனக்கு வசதியானதை எடுத்தார். தமிழில் நொந்தாள் வேற, நோகடித்தார்கள் வேற; இரண்டாவதைச் சொல்ல வெளிக்கிட்டால் செய்தவை கட்டாயம் வசனத்துக்குள் வந்துவிடுவினம். ஆங்கிலத்திலும் செய்தவரின் பெயரைப் போட்டு எழுதலாம்தான். நாங்கள் போடவில்லை. பயம்.

அரசியல்வாதிகள் ‘யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ எண்டு அறிக்கை விடும்போது நாங்கள் சிரிக்கிறோம், மீம் போடுறோம். போர்க்காலங்களில் செத்த சனத்தை டேமேஜ் என்று எழுதுவதை, அதாவது கூரைக்குரிய சொல்லை மனிசருக்குப் போடுவதை, கண்டிச்சு நீளமான பதிவும் எழுதுறோம். எங்கட கடிதத்தில் செய்ததும் அதே வேலைதான்.

ஒரு சொல்லிலயா எல்லாம் தங்கியிருக்கு, அந்த ஆள் எதை எழுதியிருந்தாலும் தட்டிக் கழிச்சிருப்பார் எண்டு எங்கட பட்சிலேயே சிலர் சொல்லினம். இருக்கலாம். ஆனால் உளவியல் ரீதியான இஞ்சுரி என்று சட்டத்தின் சொல்லே தாளில் இருந்திருந்தால், அது இல்லை என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டி வந்திருக்கும். ஆங்கில வகுப்புகளில் இந்தச் சொற்களை இடைவெளி நிரப்பப் பழக்குவதோடு விடாமல், ஒரு முறைப்பாடு, ஒரு பொலிஸ் பதிவு, ஒரு சட்டப்பிரிவு எண்டு வைத்து வாசிக்கப் பழக்கச் சொல்லிக் கேட்பதும் அதனால்தான். கலைப்பீடப் பிள்ளையளுக்கு ஆங்கிலம் தேவைப்படுவது நேர்முகத் தேர்வுக்கு மட்டும் இல்லை.

தமிழை விட்டதும் எங்கட பிழை. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆயிட்டுது. ஆங்கிலத்தில் ‘ராக்’ என்ற வினைச்சொல் கேலி செய்வது என்ற அளவிலேயே நிக்குது. எங்களிடம் இருக்கிற சொல்லிலோ பகிடிக்குப் பக்கத்தில் வதையும் இருக்கு.

இரண்டாவது கடிதத்தைத் தமிழில் எழுதினோம். ஆர், எங்கே, எவ்வளவு நேரம், என்ன சொன்னவை என்று வரிசையாய். உளவியல் ரீதியான இஞ்சுரி என்பதைச் சட்டத்தின் இலக்கத்தோடு சேர்த்தோம். குடுக்க முதல் அந்தத் தங்கச்சியிடம் வாசிக்கக் குடுத்தோம். அவள் ஒரே ஒரு இடத்தைத்தான் திருத்தினாள். ‘இரவு வரை’ எண்டு நாங்கள் எழுதியிருந்ததை வெட்டி, ‘இரவு 10.15 வரை’ எண்டு போட்டாள்.