பிக்-அப் வண்டியில் குழந்தை இருக்கை: சட்டம் கேட்கிறது, கேபின் இடம் தருகிறதா?

கார்வேட்டிநகரம் (சித்தூர்): பதினான்கு வயது நிறைவடையாத குழந்தையைப் பாதுகாப்புப் பட்டையோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி வாகனத்தில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 194பி பிரிவு இதைக் கூறுகிறது. அப்பிரிவில் 'கார்' என்ற சொல் இல்லை; 'மோட்டார் வாகனம்' என்றே உள்ளது. ஆகவே மாங்காய்க் கூடைகளை ஏற்றிச் செல்லும் பிக்-அப் வண்டியும் அதற்குள் அடங்கும். ஆனால் அந்த வண்டியின் கேபினில் குழந்தை இருக்கையை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதற்கு விடை எளிதில் கிடைப்பதில்லை.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இக்கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. தோத்தாபுரி மாம்பழமும் மாங்கூழ் ஆலைகளும் சார்ந்த பொருளாதாரம் இது. தோட்டத்திலிருந்து மண்டிக்கும் ஆலைக்கும் ஓடுவது பெரும்பாலும் 'குட்டி யானை'யும் பிக்-அப் வேனும்தான். அதே வண்டிதான் ஞாயிற்றுக்கிழமையில் புத்தூர் சந்தைக்கும், எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டு, திருத்தணிக்கும் குடும்பத்தை ஏற்றிச் செல்கிறது. தனியாக ஒரு கார் வாங்க இயலாத சிறு விவசாயிக்கு இரண்டும் ஒன்றே. குழந்தை தாயின் மடியில், அல்லது பின்புறத் தொட்டியில்.

பின்புறத் தொட்டியைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. 2025 ஜூலை 13 அன்று அன்னமய்யா மாவட்டம் புல்லம்பேட்டை அருகே மாம்பழ லாரி ஏரிக்கரையில் கவிழ்ந்து, சுமையின் மேல் அமர்ந்திருந்த தொழிலாளர்களில் 9 பேர் உயிரிழந்தனர். 2024 மே மாதம் சத்தீஸ்கரின் கபீர்தாம் மாவட்டத்தில் பீடி இலை பறித்துத் திரும்பியவர்களின் பிக்-அப் பள்ளத்தில் கவிழ்ந்து 19 பேர் மாண்டனர். அமர்வதற்கென அமைக்கப்படாத இடத்தில் எந்தப் பாதுகாப்பு இருக்கையையும் கட்ட முடியாது. கயிற்றால் கட்டினாலும் பயனில்லை. எஞ்சியிருப்பது கேபின் மட்டுமே.

மடி ஏன் பாதுகாப்பல்ல?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம் எனலாம். அந்தக் கணத்தில் 10 கிலோ எடையுள்ள குழந்தையை எந்தத் தாயின் கைகளாலும் பிடித்து நிறுத்த இயலாது. பட்டை அணியாத தாயாக இருந்தால் அவருடைய உடலே குழந்தையை டாஷ்போர்டில் அழுத்திவிடும்.

காற்றுப்பை உள்ள வண்டியில் ஆபத்து வேறு வகையானது. 2024இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், முன் இருக்கையில் தாயின் மடியில் இருந்த 2 வயதுக் குழந்தை, விபத்தின்போது காற்றுப்பை விரிந்ததில் உயிரிழந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கேரளப் போக்குவரத்து ஆணையர் குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கி, டிசம்பர் முதல் அபராதம் விதிக்கப்படும் என்று அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. உடனடியாக அபராதம் இல்லை என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ் குமார் மறுநாளே விளக்கமளித்தார். கார்கள் நிறைந்த கேரளத்திலேயே நிலைமை இதுவெனில், சரக்கு வண்டியைக் குடும்ப வண்டியாக்கிக்கொண்ட ராயலசீமாவின் கிராமச் சாலைகளில் அமலாக்கத்தை எதிர்பார்ப்பது கடினம்.

சட்டத்திலும் ஓர் இடைவெளி தெரிகிறது. 'பாதுகாப்புப் பட்டை அல்லது குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு' என்பதே அதன் சொற்றொடர். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான பட்டையை மாட்டினாலும் எழுத்தளவில் சட்டம் நிறைவேறிவிடுகிறது. ஆனால் அப்பட்டை குழந்தையின் கழுத்தையும் மென்மையான வயிற்றையும் இறுக்கும், இடுப்பெலும்பில் அமராது. எந்த வயதுக்கு எந்த இருக்கை என்ற வரையறை இல்லாத அபராதம், காவலருக்கும் உதவவில்லை, பெற்றோருக்கும் உதவவில்லை. குழந்தைப் பாதுகாப்பு இருக்கைகள் சிசு மரணங்களை 71 சதவீதம் வரை குறைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் மட்டும் 18 வயதுக்குட்பட்ட 9,528 பேர் இந்தியச் சாலைகளில் இறந்தனர்.

கேபினுக்குள் பொருத்தும்போது

ஒற்றைக் கேபின் வண்டியில் ஓட்டுநருக்கு அருகே ஒன்று அல்லது இரண்டு இடங்கள் மட்டுமே உண்டு. இரண்டு இடம் உள்ள வண்டிகளில் நடு இடம் கியர் கம்பியை ஒட்டியது; குழந்தை இருக்கைக்கு அது உகந்ததல்ல. சன்னலோர இருக்கையே எஞ்சுகிறது. முதலில் பார்க்க வேண்டியது காற்றுப்பை. அது இருந்து, அணைக்கும் வசதி இல்லாவிடில், பின்னோக்கி அமரும் சிசு இருக்கையை அங்கு ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பை இருக்கையின் முதுகில், குழந்தையின் தலைக்கு நேராகவே மோதும். அந்தப் பக்கம் காற்றுப்பை இல்லாத வண்டியில் இந்த ஆபத்து இல்லை. குறைந்த வசதியுள்ள வண்டி இந்த ஓர் அம்சத்தில் மட்டும் எளிதாகிவிடுவது விந்தையே.

அடுத்தது பட்டை. தோளையும் இடுப்பையும் கடக்கும் மூன்று முனைப் பட்டை இருந்தால் பெரும்பாலான இருக்கைகளைப் பொருத்தலாம். இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இடத்தில், வளர்ந்த குழந்தைகளை உயர்த்தி அமர வைக்கும் 'பூஸ்டர்' இருக்கையைப் பயன்படுத்தவே கூடாது. மேலுடம்பைத் தாங்க எதுவும் இராது. பொருத்திய பிறகு, பட்டை கடந்து செல்லும் இடத்தில் இருக்கையைப் பிடித்து அசைத்துப் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் அது பொருத்தப்படவில்லை என்றே பொருள். வண்டி இருக்கையின் ஆழம் குறைவாக இருந்து, குழந்தை இருக்கையின் அடிப்பகுதி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் கையேடு அனுமதிக்கும் அளவைச் சரிபார்ப்பது அவசியம். இருக்கைக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி, ஸ்பேனர், தார்ப்பாய்க் கம்பி ஆகியவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. மோதலில் அவை கேபினுக்குள் பறக்கும்.

இரட்டைக் கேபின் வண்டிகளில் பின்னிருக்கை உண்டு. குழந்தைக்குரிய இடம் அதுவே. இத்தகைய வண்டி வெளிநாட்டுச் சரக்கு மட்டுமல்ல. இசுசு நிறுவனத்தின் 'வி-கிராஸ்' உருவாவது இதே திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில்தான். 2016 முதல் அங்கு உற்பத்தி நடைபெறுகிறது. ஆனால் பிக்-அப்களின் பின்னிருக்கை பொதுவாகக் கார்களைவிட நிமிர்ந்தது. முன்னிருக்கைக்கும் அதற்கும் இடையே இடம் குறைவு. பின்னோக்கி அமரும் இருக்கைக்கு வேண்டிய சாய்வு கிடைக்காமல் குழந்தையின் தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழாய் அடைபடலாம். முன்னோக்கிய இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கியும் கார்களில் உள்ள இடத்தில் இராது. பின்னே பெட்டி இல்லாததால், சில வண்டிகளில் அது முதுகுச் சாய்வுக்குப் பின்னால் மறைந்திருக்கும்; வேறு சிலவற்றில் துணி வளையத்தின் வழியே பட்டையைச் செலுத்திப் பக்கத்து இருக்கையின் பிடிப்பில் மாட்ட வேண்டும். இதைக் கண்டறிய வண்டியின் கையேட்டைத் தவிர வேறு வழியில்லை. மேல்பட்டையை மாட்டாமல் விட்டால் மோதலில் குழந்தையின் தலை வெகுதூரம் முன்னால் பாயும். பிக்-அப்பில் முன்னிருக்கையோ மிக அருகில் இருக்கிறது.

வாங்கும்போது ஏ.ஐ.எஸ். 072 என்ற இந்தியத் தர நிலையையோ, ஐரோப்பிய ஆர்44 அல்லது ஆர்129 சான்றையோ பார்ப்பது போதும். பழைய இருக்கையை உறவினரிடமிருந்து பெறுவோர், அது விபத்தில் சிக்கியதா என்று கேட்டறிவது நல்லது.

கடைத்தெருவில் இத்தனை விவரம் சொல்வோர் இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய 'பாரத் என்கேப்' மதிப்பீடு, 18 மாத, 3 வயதுக் குழந்தை பொம்மைகளை வைத்துக் கார்களைச் சோதித்து, குழந்தைப் பாதுகாப்புக்குத் தனி நட்சத்திரம் அளிக்கிறது. ஆனால் அது பயணியர் வாகனங்களுக்கு மட்டுமே உரியது. 'என்1' என வகைப்படுத்தப்படும் சரக்கு வண்டி அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. குழந்தை இருக்கையுடன் அந்தக் கேபின் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வாங்குபவர் ஊகிக்கத்தான் வேண்டும். 1,000 ரூபாய் அபராதத்தை எல்லா வாகனங்களுக்கும் விதிக்கும் அரசு, சோதனையை மட்டும் கார்களோடு நிறுத்திக்கொள்வது பொருந்தவில்லை.

காப்பீடு இன்னொரு சிக்கல். சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்பவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்கும் பொறுப்பு இல்லை என்று 2002ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படியான பாதுகாப்பு சரக்கின் உரிமையாளருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டுமே கிடைக்கும். மாங்காய் விற்கச் செல்லும் தந்தை அந்த வரையறைக்குள் வரக்கூடும். அருகில் அமர்ந்திருக்கும் நான்கு வயது மகள் வரமாட்டாள். தனிப்பயன் வாகனமாகப் பதிவு செய்யப்பட்ட இரட்டைக் கேபின் வண்டியின் நிலை வேறு. குழந்தை இருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவிடும் முன், வண்டியின் பதிவுச் சான்றிதழில் எத்தனை இருக்கைகள், எந்த வகை என்று குறிக்கப்பட்டுள்ளது என்பதையும், காப்பீட்டுப் பத்திரத்தில் உடன் பயணிப்போர் சேர்க்கப்பட்டுள்ளனரா என்பதையும் படித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.