காய்ச்சல் பிள்ளையும் காலை ஜீப்பும்

"காய்ச்சல் இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள்." ஐப்பசி மழை தொடங்கியதும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வரி சுற்ற ஆரம்பித்துவிடும். மருத்துவக் கணக்கில் இதில் ஒரு பிழையும் கிடையாது. ஃப்ளூ வந்த பிள்ளை மூன்று நான்கு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மாத்திரை கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வகுப்புக்குத் திரும்பலாம். ஒப்புக்கொள்கிறோம்.

போடிநாயக்கனூரை ஒட்டிய ஒரு காலனியில் இதைச் சொல்லப் போனோம். ஒரு அக்கா கேட்டார்: "சரிப்பா, அனுப்பல. அப்புறம் பிள்ளைய யாரு பாக்குறது? நீங்க வந்து பாப்பீகளா? ஜீப்பு நமக்காக நிக்குமா?"

எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

போடியைத் தெரியாத தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறோம். இங்கே விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும். போகிறவர்களில் பெரும்பகுதி பெண்கள்; அவர்களில் நம் தெருப் பெண்கள் நிறையப் பேர். ஒருவர் மடியில் ஒருவர் என்று சொல்லும்படி அடைத்துக்கொண்டு போவார்கள். வேலைக்குப் போன நாளுக்குத்தான் கூலி. இரண்டு நாள் நின்றால் அந்த இடத்தில் கங்காணி வேறு ஆளை ஏற்றிவிடுவார். 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகம் பற்றியும், தொழிலாளிக்கு நோய் வந்தால் உதவித்தொகை பற்றியும் பேசியது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டித் தினக்கூலிக்குப் போய்வருகிறவர் எந்தப் பேரேட்டில் இருக்கிறார்? பிள்ளைக்கு நோய் என்றால் தாய்க்கு விடுப்பு என்று அந்தச் சட்டத்திலும் இருந்ததில்லை.

காலமும் நமக்கு எதிராக நிற்கிறது. தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகமாகப் பரவுவது வடகிழக்குப் பருவமழைக் காலத்தில். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடப்பதும் அதே மாதங்களில்தான். வருடத்தில் கையில் நாலு காசு பார்க்கிற காலமும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற காலமும் ஒன்றாக வருகின்றன.

அடுத்தது சோறு. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைக்கிறது. ஐந்தரைக்கு ஜீப் ஏறுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். மதியம் சத்துணவு, முட்டை. ஆக, காய்ச்சல் பிள்ளையை வீட்டில் விட்டால் தாய்க்கு ஒரு நாள் கூலி போகிறது, பிள்ளைக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் போகிறது. இத்தனையும் தெரிந்த தாய் விடியக்காலை ஒரு பாராசிட்டமால் கொடுத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லாத" என்று அனுப்பி வைக்கிறார். பதினொரு மணி வாக்கில் மாத்திரையின் வேகம் இறங்கும்போது பிள்ளை வகுப்பில் நடுங்குகிறது.

இதற்கு ஊரில் வைத்திருக்கும் பெயர் அலட்சியம். "அந்தத் தெருப் பிள்ளைகள்தான் நோயைக் கொண்டுவருது." இந்த வாக்கியத்தை நாங்கள் எத்தனை முறை கேட்டோம் என்பதற்குக் கணக்கில்லை. பேச்சோடு அது நிற்பதும் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் இருமிய பிள்ளைகளைப் பின்னால் தனியாக உட்கார வைத்தார்கள். அதில் தவறில்லை என்றே நாங்களும் முதலில் நினைத்தோம். நாலைந்து நாளில் எல்லாருக்கும் சரியாகிவிட்டது. ஊர்த்தெருப் பிள்ளைகள் முன்வரிசைக்குத் திரும்பிவிட்டார்கள். நம் பிள்ளைகள் பொங்கல் விடுமுறை வரைக்கும் பின்னால்தான் இருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் திரும்பக் கூப்பிடவும் இல்லை. அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவனாக வீட்டிலிருந்து கோணிச் சாக்கைக் கொண்டுபோய் மூலையில் போட்டு உட்கார்ந்ததைப் படித்தவர்கள் நாம். கொரோனா காலத்தில் சிலர் 'அன்றே நம் முன்னோர் சொன்னார்கள்' என்று தீட்டுக்கு அறிவியல் சாயம் பூசியதையும் பார்த்தோம். 'இடைவெளி' என்ற சொல்லைக் கேட்டால் நமக்குக் காது நிமிர்கிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு.

இத்தனைக்கும், அப்படித் தனியே உட்கார வைப்பது ஃப்ளூவை அவ்வளவாகத் தடுப்பதும் இல்லை. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பிள்ளையிடமிருந்து கிருமி பரவத் தொடங்கிவிடுகிறது. இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் வெளியேறும் நுண்துளிகளில் ஒரு பகுதி மூடிய அறையில் காற்றிலேயே மிதக்கும். அறை மூடியிருந்தால் முன்வரிசை, பின்வரிசை என்ற வித்தியாசம் கொஞ்சம்தான். இருபக்க ஜன்னலையும் திறந்து காற்றை ஓடவிட்டால் எல்லாருக்கும் ஆபத்து குறையும். மழைச் சாரல் அடிக்கிறது, குளிர்கிறது என்று மலைப்பக்கப் பள்ளிகளில் ஜன்னலை இறுக்கி மூடிவிடுவதை மாற்றினாலே பாதி வேலை முடியும். ஜன்னலுக்கு மேல் ஒரு தகரச் சாய்ப்பு இறக்கினால் சாரல் உள்ளே வராது. மழை விட்ட நேரத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தலாம்.

அறைகள் எத்தனை என்பதையும் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஆசிரியருக்கு ஒரு அறை. ஐந்து வகுப்புகள் இரண்டு அறைகளில் உட்காருவதைச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள் வந்துவிடும்.

சோப்பு விஷயம் இன்னும் கேவலம். ஃப்ளூ கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சாதாரண சோப்பு அதைக் கரைத்துவிடும். ஒன்றிய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் 30 பேருக்கு மேல் 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் மானியம். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அந்தக் குறைந்தபட்ச அளவு 2,500 ரூபாய். பள்ளி நடக்கும் நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய் சொச்சம். கழிப்பறைக்கும் கை கழுவவும் எல்லாம் சேர்த்துத்தான் இது. 2024-25-ல் தேசியக் கல்விக் கொள்கைத் தகராறில் ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கான அந்தப் பணத்தையே நிறுத்தி வைத்தது.

பணம் இல்லாத இடத்தில் 'தூய்மை' யார் தலையில் விழும் என்பதற்கு 2022-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நடந்ததே சாட்சி. பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து தாய் விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. தலைமை ஆசிரியர் கைது செய்யப்பட்டார். பள்ளிச் சுகாதாரம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்று நாம் முதலில் பார்ப்பது இதனால்தான்.

1918-ல் இந்த ஃப்ளூ இந்தியாவில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்களைக் கொன்றது. அந்த ஆண்டு பம்பாய் நகரக் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். சாதி இந்துக்களில் 18.9 பேர். 'கீழ்ச்சாதி இந்துக்கள்' என்று அன்றைய பதிவு குறித்த நம் மக்களில் 61.6 பேர். காற்று எல்லாருக்கும் பொதுதான். ஆனால் நெருக்கிய குடியிருப்பு, அரை வயிறு, படுத்தால் கூலி இல்லை என்ற நிலை இவை பொதுவானவை அல்ல. அதே நவம்பரில்தான் அம்பேத்கர் பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அங்கே அவர் பொதுப் பானையில் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். ஊரே காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த வருடத்தில் அவர்களுக்கு எந்தத் தொற்றைப் பார்த்துப் பயம் வந்தது, பாருங்கள்!

பள்ளியை மூடிவிடலாமே என்பார்கள். புதுச்சேரி அரசு 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையும், 2023 மார்ச் 16 முதல் 26 வரையும் ஃப்ளூவுக்காக எட்டாம் வகுப்பு வரை மூடியது. ஜீப் ஏறும் தாயின் பிள்ளைக்குப் பள்ளி மூடுவது என்றால் பூட்டிய வீடும் பசியும்தான். நாங்கள் அதை ஆதரிக்கவில்லை. தடுப்பூசி உண்டு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. ஆனால் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் அது இல்லை. தனியாரிடம் ஒரு ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வது நீண்ட போராட்டம். அதுவரை கையில் இருப்பதைப் பேசுவோம்.

காய்ச்சல் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்றால் சோறு வீட்டுக்கு வர வேண்டும். கொரோனாவில் பள்ளி மூடியபோது இதே சத்துணவுத் திட்டத்தில் அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீட்டுக்குக் கொடுத்தார்களா இல்லையா? அப்போது முடிந்தது, நாலு நாள் காய்ச்சலுக்கும் முடியும். அண்ணனோ அக்காவோ தூக்குவாளியில் வாங்கிப்போக அனுமதித்தால் போதும். அடுத்து, பார்த்துக்கொள்ள ஆள். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் இருந்தால் ஒரு பெண் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருக்கும் அதே கூலி என்று எழுதியது. அந்த யோசனையைக் காலனிக்குக் கொண்டுவரச் சொல்கிறோம்: ஐப்பசி முதல் மார்கழி வரை, மலைக்குப் போக முடியாத ஒரு பெரியம்மாவுக்குக் கூலி கொடுத்து, காய்ச்சல் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம். ஊராட்சி நினைத்தால் நடக்கும். கூடவே, முழு வருகைக்குப் பரிசு கொடுப்பதைப் பள்ளிகள் நிறுத்தட்டும். நடுங்கிக்கொண்டு வந்த பிள்ளைக்குப் பென்சில் டப்பா கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இதையெல்லாம் பேச வேண்டிய இடம் பள்ளி மேலாண்மைக் குழு. அதன் தலைவர் ஒரு தாய் என்பது விதி. ஆனால் கூட்டம் வெள்ளிக்கிழமை மாலையில். அந்த நேரம் நம் தாய்மார்கள் மலையிலிருந்து இறங்கிக்கூட இருக்கமாட்டார்கள். கல்லூரியில் படிக்கும் தோழர்களே, உங்கள் காலனிப் பள்ளியில் இந்தக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி முதல் மனுவைக் கொடுங்கள். அங்கே போகும்போது எத்தனை ஜன்னல் திறக்கிறது, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, சோப்பு இருக்கிறதா, கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எங்கள் பக்கத்தில் மூன்று பள்ளிகளில் இந்த மாதம் தொடங்குகிறோம்.