சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு

கிழக்குத் தாம்பரத்தில், கேம்ப் ரோடுக்குப் போகும் வழியில், கீழே பாத்திரக் கடையும் மேலே ஒரு காலத்தில் தட்டச்சுப் பயிலகமாக இருந்து இப்போது வெறுமையாகக் கிடக்கும் நீளக் கூடமுமாக நிற்கிற ஒரு பழைய கட்டிடத்தில், சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு ஆறு பெண்களும் இரண்டு ஆண்களும் சன்னல் கம்பியைப் பிடித்தவண்ணம் வரிசையாக நின்று, குதிகால்களைச் சேர்த்து, பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி, முழங்கால்களை மெதுவாக மடக்கி, மடக்கியதைவிட மெதுவாக நிமிர்கிறார்கள். எட்டுப் பேரில் எவருக்கும் வயது முப்பத்தைந்துக்குக் குறைவில்லை, எனக்கு நாற்பத்தாறு. ஆசிரியைக்கு இருபத்துநான்கு. பெங்களூரில் பள்ளிப் பருவத்திலேயே பாலே கற்று, திருமணமாகி இந்தப் பக்கம் குடிவந்த பெண். "ஆன்ட்டி, முட்டி உள்ள வருது பாருங்க, கால் விரலுக்கு நேரா போகணும்" என்று அவள் சொல்லும்போது, அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு மேலதிகாரியாக இருக்கும் நான், வாய்ப்பாடு மறந்த சிறுமியைப் போல் விழிக்கிறேன்.

பாலே கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ஓரகத்தி ஒரு நாள் என் பையிலிருந்த துணிச் செருப்பைக் கையில் எடுத்து, "இது என்னடி, குழந்தை செருப்பு மாதிரி?" என்று கேட்டபோது, "முட்டி வலிக்கு ஏதோ எக்சர்சைஸ் அக்கா, அதுக்குத்தான்" என்று கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பொய் உடனே செலாவணியாயிற்று. "அப்படியா, எனக்கும் வலிக்குது, நானும் வரட்டுமா?" என்றாள். நாட்டியம் என்றால் நகைப்புக்கு இடமாகியிருக்கும். வைத்தியம் என்றதும் மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த விஷயத்தை யோசித்துப் பார்க்கிறேன்.

நடுவயதைக் கடந்தவர்கள் தங்கள் சரீரத்தைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு நம் புறநகரில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. சேலையூரிலோ குரோம்பேட்டையிலோ எந்தப் பூங்காவுக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள்: எட்டு வடிவ நடைபாதையில் வெறுங்காலோடு சுற்றலாம், யோகாசனம் செய்யலாம், வட்டமாக நின்று கையைத் தட்டிப் பலமாகச் சிரிக்கவும் செய்யலாம். மாலையானால் சுலோக வகுப்பு, பஜனை, திருவாசக முற்றோதல். இவை யாவும் நல்ல காரியங்களே. எனக்கு இவற்றில் ஆட்சேபம் ஒன்றுமில்லை. ஆனால் இவை அனுமதிக்கப்படுவது ஆரோக்கியத்தின் பெயராலோ புண்ணியத்தின் பெயராலோ மட்டுமே. சர்க்கரை குறையும் என்றோ, மோட்சம் கிட்டும் என்றோ இரண்டில் ஒரு சீட்டைக் காட்டினால்தான் வாசல் திறக்கிறது. ஒரு வித்தையை, அது அழகாக இருக்கிறது, கற்றுப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நாற்பது வயதில் தொடங்குகிறவரிடம் காட்டுவதற்குச் சீட்டு இல்லை. அந்தச் சீட்டைக் கேட்பதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வந்தது.

இதற்குச் சாட்சி தேடி நான் பாரிஸுக்கோ ருஷ்யாவுக்கோ போக வேண்டியதில்லை. திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரம் வரை போனால் போதும். 1904-இல் மதுரையில் பிறந்து, 1920-இல் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்து, ஊர் முழுவதும் அதைப் பேசித் தீர்த்த பிறகும் தலை நிமிர்ந்து நடந்த அதன் நிறுவனர் ருக்மிணி தேவி, 1928-இல் பம்பாய்க்கு வந்திருந்த ருஷ்ய பாலே நர்த்தகி அன்னா பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்ததும், பிறகு ஆஸ்திரேலியப் பிரயாணத்தில் அதே கப்பலில் அந்த அம்மையாரோடு பழக நேர்ந்ததும், அவருடைய குழுவின் முன்னணி ஆட்டக்காரர்களுள் ஒருவரான கிளியோ நோர்டியிடம் பாலே கற்கத் தொடங்கியதும் பலர் அறிந்த வரலாறு. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டி இருக்கும். பாலே உலகத்தின் கணக்கில் அது தொடங்கும் வயதே அல்ல; எட்டு, ஒன்பது வயதில் தொடங்கி, இருபதுக்குள் மேடையில் நிலைபெற்று, நாற்பதில் விடைபெறுவதே அங்கே வழக்கம். விவாகமாகி, உலகம் சுற்றி வந்த ஒரு பெண், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தார் என்பதை நினைக்கும்போது, பாத்திரக் கடை மாடியில் எனக்குச் சற்றே தைரியம் வருகிறது.

இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும் முறை ஒன்று உண்டு. அந்நிய நாட்டியத்தின்மீது மோகம் கொண்டு போனவரை, அந்நிய நாட்டியக்காரியே உங்கள் தேசத்துக் கலையைத் தேடுங்கள் என்று திருப்பி அனுப்பினார். அவரும் தெளிவடைந்து பரதத்துக்கு வந்தார். ஆகவே பாலே ஒரு தவறான திருப்பம், பரதமே வீடு என்று முடிப்பார்கள். பாவ்லோவா அவ்வாறு வழிகாட்டியது உண்மைதான். ஆனால் அந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை. வயதுவந்த பிறகு, தெரியாதவளாக ஒரு வகுப்பில் நின்று, இளையவர்கள் சுலபமாகச் செய்வதைத் தான் தடுமாறிச் செய்து, அந்தக் கூச்சத்தைக் கடந்தவருக்குத்தான் மறுமுறை தெரியாதவளாக நிற்பது சாத்தியம். 1933-இல் சங்கீத வித்வத் சபையில் பந்தநல்லூர் சகோதரிகளின் சதிராட்டத்தை, அதாவது பரதத்தின் முந்தைய வடிவத்தை, பார்த்துவிட்டு, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும், மூப்பும் புகழும் நிறைந்த அந்த நட்டுவனாரின் தட்டுக்கழிக்கு முன்னால், தட்டடவிலிருந்து தொடங்க அவருக்கு முடிந்ததென்றால், பாலே வகுப்பு அவருக்குக் கற்றுக் கொடுத்த முதல் பாடம் காலுக்கானது அன்று என்று நான் நம்புகிறேன். 1935 டிசம்பர் 30-ஆம் தேதி, அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அவர் ஆடியபோது வயது முப்பத்தொன்று.

அதே கணக்கில் இன்னொன்றையும் எழுதாவிட்டால் நியாயமாகாது. பரதக் கலைஞர் பாலசரஸ்வதி 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது அவருக்கு வயது ஏழு. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைச் சுமந்த குடும்பங்களில் பிறந்த பெண்களுக்கு, எந்த வயதில் தொடங்கலாம் என்று ஆற அமர யோசிக்கும் சௌகரியம் இருந்ததில்லை; அவர்கள் ஆடியதற்காகப் பழிக்கப்பட்ட காலத்திலேயே, மேல்வகுப்பிலிருந்து ஒருவர் வந்து ஆடியதற்காகப் போற்றப்பட்டார் என்ற மனத்தாங்கலிலும் உண்மை இல்லாமலில்லை. முப்பது வயதில் தொடங்குவதற்கு அடையாற்று நிழலும் அவகாசமும் ருக்மிணி தேவிக்கு இருந்தன. கிண்டியில் வேலை முடித்து, பெண்கள் பெட்டியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, இரவு எட்டரைக்குத் தாம்பரத்தில் இறங்கி, இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீடு போகிறவளுக்கு அவை இல்லை. அதனால்தான் எங்கள் வகுப்பு சனிக்கிழமை விடியலுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

விந்தை என்னவென்றால், முப்பத்தொன்றில் மேடையேறியவர் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் புகழால் நகரெங்கும் நாட்டியப் பள்ளிகள் பெருகிய பிறகு, பன்னிரண்டு வயதே தாமதம் என்று கருதும் நிலைக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம். பாலேக்கு வருமுன் நான் பரதம் கற்கத்தான் முயன்றேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், படிவத்தில் வயதைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கா?" என்று கேட்டார்கள். எனக்கு என்றேன். "அரங்கேற்றம் பண்ற ஐடியா இருக்கா?" என்று அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அப்புறம் பேச்சு எழவில்லை. மண்டபம், பக்கவாத்தியம், பட்டு, நகை, அழைப்பிதழ், விருந்து என்று ஒரு சிறு கல்யாணத்துக்குச் சமமாகிவிட்ட அரங்கேற்றத்தை நோக்கிப் போகாத மாணவி, அந்தப் பள்ளிக்கு எங்கும் போகாத பயணியாகத் தோன்றியிருக்க வேண்டும். பாலே வகுப்பில் என்னைச் சேர்த்துக்கொண்டதற்கு அந்தக் கலையின் பெருந்தன்மை காரணமல்ல. இந்தப் பக்கத்தில் அதற்கு அரங்கேற்றம் என்று ஒன்று இன்னும் ஏற்படவில்லை, அவ்வளவுதான்.

கற்க வந்த இடத்தில் நான் கண்டதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசை. பாலேயில் முதலில் வருவது ப்ளியே, அதாவது முழங்கால் மடக்குதல். பதினான்காம் லூயி மன்னன் 1661-இல் பாரிஸில் நாட்டியக் கழகம் நிறுவிய நாளிலிருந்து அந்தக் கலையின் பாஷை பிரெஞ்சாகவே இருந்துவருகிறது. தஞ்சையில் பிறந்த பாடகர் தெலுங்கில் பாடுவதுபோல, ருஷ்ய ஆசிரியரும் தாம்பரத்துப் பெண்ணும் ப்ளியே என்றுதான் சொல்லியாக வேண்டும். பார்வைக்கு அது நம் அரைமண்டியின் தங்கை. முழங்கால் பக்கவாட்டில் விரிவதும், முதுகு தூண்போல் நிற்பதும் இரண்டுக்கும் பொது. ஆனால் அரைமண்டி ஆட்டக்காரி குடியிருக்கும் இடம். அதிலிருந்துகொண்டே அவள் தரையைத் தட்டி, தரையோடு பேசுகிறாள். ப்ளியே குடியிருப்பு அன்று, படிக்கட்டு. நிமிர்வதற்கோ எழும்புவதற்கோ மிதித்துக் கடப்பது. சிறுவயதில் பக்கத்து வீட்டில் நடந்த தெய்யா தெய்யை வேலிக்கு இப்பால் நின்று பார்த்துப் பழகிய என் கால், மடங்கிய இடத்திலேயே தங்கிவிடப் பார்க்கிறது. "ஆன்ட்டி, அங்க உட்காராதீங்க, கிளம்புங்க" என்பது நான் அதிகமாகக் கேட்கும் திருத்தம்.

வயது செய்யும் தடையையும் மறைக்க வேண்டியதில்லை. பாதத்தை வெளிப்புறம் திருப்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அந்த எலும்பின் அமைப்பு வளர்பருவத்தோடு முடிந்துபோகிற விஷயம். அதற்குப் பின் தசையைப் பலப்படுத்தலாம், எலும்பைத் திருத்த முடியாது. படத்தில் பார்த்ததுபோல் பாதங்கள் ஒரே நேர்கோட்டில் விரிய வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், அந்தத் திருப்பத்தை முழங்கால் ஏற்கும். முழங்கால் அதற்காகப் படைக்கப்பட்டதன்று. விரல் நுனியில் நிற்கும் ஆசையும் அப்படியே. பசையும் துணியும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கிய முனையுடைய அந்தச் செருப்பை அணிய, கணுக்காலுக்கு வருடக்கணக்கான அப்பியாசம் வேண்டும். எனக்கு அது வாய்க்காமலே போகலாம். அதனால் குறையொன்றும் நேராது. சுருதி சேர்த்து ஒரு வர்ணம் பாடக் கற்றவரிடம் கச்சேரி எப்போது என்று கேட்பது எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம் இதிலும் உண்டு. எங்கள் துணிச் செருப்பு ரோஜா நிறத்தில் வந்தது. காலின் நீட்சியாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக வெள்ளையர் தோலுக்கென்று அமைந்த நிறம் அது. அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களின் பாலே குழுவான ஹார்லெம் நாட்டிய அரங்கத்தார் 1970-களிலேயே தத்தம் தோலின் நிறத்துக்குச் செருப்பைச் சாயமேற்றிக்கொண்டார்கள் என்று ஆசிரியை சொன்னாள். நாங்கள் எட்டுப் பேரும் டீத்தூளைக் கொதிக்கவிட்டு அந்த டிகாஷனில் செருப்பைத் தோய்த்து மொட்டைமாடியில் உலர்த்தினோம். என்னுடையது திட்டுத் திட்டாக, தோசைக்கல்லில் கருகினதுபோல் வந்தது. ஆனாலும் என் கால்தான் அது என்று இப்போது அடையாளம் தெரிகிறது.

இருபத்து மூன்று வயதளவில், ஓவியம் படிக்க லண்டன் போன இடத்தில் பாவ்லோவாவின் கண்ணில் பட்டு மேடைக்கு வந்த உதயசங்கர், குருகுலப் பயிற்சி எதுவுமின்றித் தொடங்கி, பின்னாளில் நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் 'கல்பனா' படத்தை உருவாக்கியதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். ஆனால் மேதைகளை அடுக்கிக்கொண்டே போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தாமதமாகத் தொடங்கியும் பெரியவர் ஆனார் என்ற நியாயமும் ஒருவகைச் சீட்டுத்தான். பெரியவர் ஆகாதவருக்கும், ஆகும் உத்தேசமே இல்லாதவருக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும்.

அதற்கு வேண்டியவை மிகச் சில. முதலாவது தரை. சிமென்டுமீது பதித்த வழவழப்பான ஓட்டில் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி முழுவதும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் போகிறது. பாலே கூடங்களில் அடியில் மரச்சட்டம் கொடுத்து, சற்றே துள்ளும்படி தளம் அமைப்பது இதனால்தான். குதிகாலால் ஓங்கி மிதிக்கும் நம் பரத மாணவிகளுக்கும் அது பெரிய உபகாரமாயிருக்கும். தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆகியிருக்கிறது. சமுதாயக் கூடங்கள் கட்டும்போது அவற்றில் ஓரிரண்டிலேனும் ஓர் அறைக்கு மரத்தளம் போட்டு, சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி பதித்துவைத்தால், நாட்டியமோ சிலம்பமோ முதியோர் உடற்பயிற்சியோ, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். முகூர்த்தமில்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கும் கல்யாண மண்டபங்களும், சனி ஞாயிறுகளில் வெறிச்சோடும் பள்ளிக்கூட அரங்குகளும் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கலாம். நாட்டிய ஆசிரியர்கள், பெரியவர்களைக் குழந்தைகளின் பின்வரிசையில் நிறுத்தாமல், வாரம் ஒரு மணி நேரமேனும் அவர்களுக்கென்று தனியே ஒதுக்கினால் வருமானமும் குறையாது என்பது என் அபிப்பிராயம்.

சென்ற மாதம் எங்கள் வகுப்புக்கு ஒன்பதாவதாக ஒருவர் வந்தார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வேட்டியை மாற்றிக் கால்சட்டையில் வந்திருந்தார். ஆசிரியை வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: "சார், முட்டி, இடுப்பு, முதுகு ஏதாவது பிராப்ளம் இருக்கா? அதுக்காக வந்தீங்களா?" அவர் சற்று யோசித்து, "இல்லம்மா, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. டீவியில பார்த்தேன், நல்லா இருந்துது" என்றார். அந்த வகுப்பில் அதுவரை எவரும் அப்படிச் சொன்னதில்லை. நான் சற்று நகர்ந்து, என் பக்கத்துச் சன்னல் கம்பியில் அவருக்கு இடம் விட்டேன். அன்று மாலை ஓரகத்தியின் வீட்டுக்குப் போய், பையிலிருந்து அந்தத் திட்டுத் திட்டான செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.