வரம்பில்லா வாடகை

ஸ்காபரோவில் ஒரே தெருவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு மாடிக் கட்டடங்களில், மாதம் 2,000 டொலர் வாடகை கொடுத்து இரண்டு குடும்பங்கள் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்தில் 2018 நவம்பர் 15-ஆம் திகதிக்கு முன்பே மனிதர் குடியேறிவிட்டனர். மற்றதில் அதற்குப் பின்னரே முதன்முதலாக விளக்கெரிந்தது. முதற் குடும்பத்தின் வாடகையை 2026-இல் உயர்த்த விரும்பும் வீட்டுக்காரர், விசேஷ அனுமதி பெற்றாலன்றி, 2.1 சதவீதத்துக்கு, அதாவது 42 டொலருக்கு மேல் கேட்கலாகாது என்று ஒன்ராறியோ அரசாங்கம் வரம்பு கட்டியிருக்கிறது. எதிர்வீட்டுக் குடும்பத்துக்கோ வரம்பென்பதே இல்லை. முந்நூறு டொலர் கூட்டினாலும் ஐந்நூறு கூட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றமன்று. நம்மவர் ஏராளமாகக் குடியிருக்கும் நிலவறை வீடுகளிலும், அண்மையில் புதிதாக அமைக்கப்பட்டவற்றுள் பலவற்றின் கதி இதுவே.

பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் வாடகையை உயர்த்தலாகாது, உயர்த்துவதற்குத் 90 நாட்களுக்கு முன்னதாக எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும் என்னும் நியதிகள் இரு குடும்பங்களுக்கும் பொதுவானவை. ஆனால், எவ்வளவு உயருமென்பதற்கு எல்லை இல்லாதவனுக்கு அந்தத் தொண்ணூறு நாள் மூட்டை கட்டுவதற்குக் கொடுத்த அவகாசமேயன்றி வேறென்ன?

இம்மாகாணத்தில் வாடகை உயர்வுக்கு அணை போடும் சட்டத்தை 1975-இல் கொண்டுவந்தது பில் டேவிஸ் தலைமையிலிருந்த கன்சர்வேட்டிவ் அரசாங்கமே. (அக்கட்சியின் இன்றைய தலைவர்களுக்கு இதை நினைவூட்டுவதில் தவறில்லை.) பின்னர், தொண்ணூறுகளின் இறுதியில், 1991-க்குப் பிந்திய கட்டடங்களை வரம்பிலிருந்து அடியோடு விடுவித்தார்கள்; விடுவித்தால் பணம் படைத்தோர் போட்டி போட்டுக்கொண்டு வாடகை வீடுகளைக் கட்டுவார்கள் என்பது அன்று சொல்லப்பட்ட நியாயம். சுமார் இருபது ஆண்டுகள் அச்சலுகை நிலவியும் ரொறன்ரோவின் வானத்தை மறைத்தெழுந்தவை பெரும்பாலும் விற்பனைக்கான கொண்டோ மாடிகளே. அனுபவத்தில் பொய்த்துப்போன அந்தச் சலுகையை 2017-இல் கத்தலின் வின் அரசாங்கம் ரத்துச் செய்தது. மறு ஆண்டே டக் ஃபோர்ட் அரசாங்கம், திகதியை மட்டும் மாற்றி, அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தது.

வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. வட்டி ஏறியபோது வங்கித் தவணை கட்ட வழியின்றித் தவித்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. விலைவாசிக் கணக்கின்படி 2023-இல் 5.3 ஆக இருந்திருக்க வேண்டிய வரம்பு, சட்டத்தின் உச்சமான 2.5 சதவீதத்தோடு நிறுத்தப்பட்டதும் மெய்யே. ஆயினும், பெருஞ்செலவில் கட்டடத்தைச் செப்பனிட்டாலோ நகராட்சி வரி அசாதாரணமாக ஏறினாலோ அதற்குரிய வாரியத்திடம் விண்ணப்பித்து அதிகம் பெறுவதற்கும், குடியிருப்பவர் போய்விட்டால் புதிதாக வருபவரிடம் விரும்பிய தொகையைப் பேசிக்கொள்வதற்கும் சட்டம் வழி விட்டே இருக்கிறது. வரம்பு போதாதென்றால் அதைக் கணக்கிடும் முறையைத் திருத்துமாறு வாதாடலாம். கட்டடத்தின் வயதைப் பார்த்துச் சிலருக்கு மட்டும் வரம்பே கூடாதென்பது பாரபட்சம்.

இன்னொரு தீங்கு ஓசையின்றி நடக்கிறது. நம் சமூகத்தில் வீட்டுக்காரர் பல சமயம் ஊர்க்காரராகவோ கோயிலில் கண்டு பழகியவராகவோ இருப்பார். "அடுத்த மாசத்திலயிருந்து இருநூறு கூட்டித் தாங்கோ தம்பி" என்று படிக்கட்டில் நின்று சொல்வார். தம்பியும் தாட்சண்யத்தால் கொடுத்துவிடுவார். எழுத்தில் அறிவிக்காத அந்த உயர்வு செல்லாது. ஆனால் 2020-இல் நுழைக்கப்பட்ட ஒரு திருத்தத்தின்படி, பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கொடுத்துவிட்டால் செல்லாததும் செல்லுபடியாகிவிடுகிறது. அறியாமையையும் மரியாதையையும் சம்மதமாகக் கணக்கெழுதும் இந்த ஏற்பாட்டை எந்த நீதியின் பெயரால் ஆதரிப்பது?

2018-ஆம் ஆண்டு விதிவிலக்கையும் இந்தப் பன்னிரண்டு மாதப் பிரிவையும் மாகாண சட்டசபை ரத்துச் செய்ய வேண்டும். தமிழர் செறிந்த தொகுதிகளின் உறுப்பினர்கள், எக்கட்சியினராயினும், இதில் தம் நிலை யாதென்பதைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அதுவரையில், வாய்மொழியாக வாடகை உயர்த்தப்பட்ட வாசகர்கள் வீட்டுக்காரரிடம் வாடகை உயர்வை எழுத்தில் அறிவிக்கும் படிவத்தை (வரம்புக்கு உட்பட்ட வீடுகளுக்கு அது 'என்-1') கேட்டு வாங்குங்கள், கேட்பது அவமரியாதையன்று.